வியாழன் வரை காத்திருக்க விடாத அக்காவுக்கு

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குப் போய்விட்டன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மண்டபத்து ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் எனக்கு வேலை இருக்காது. கை ஓய்ந்திருக்கும் அந்த நாட்களில்தான் ஒவ்வோர் ஆண்டும் நான் குடித்து அடியோடு அழிந்துபோவேன். இந்த ஆண்டு ஒரு சொட்டும் தொடாமல் அதைக் கடந்துவிட்டேன். என்னால் என் வீட்டார் பட்டதை என்னை அறிந்தவர்கள் அறிவார்கள். அதை மறுபடி இங்கே எழுதவில்லை.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் கூட்டத்துக்குப் போகிறேன். அங்கே யாரும் யாருடைய பெயரையும் வெளியே சொல்வதில்லை. அந்த அறையில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் அது ஒரு காவல். ஆகவே என் பெயரும் நான் நன்றி சொல்லும் எவருடைய பெயரும் இந்த மடலில் இருக்காது. உரியவர்கள் வாசித்தால் புரிந்துகொள்வார்கள்.

கூட்டம் நடப்பது ராமநாதபுரத்தில், ஒரு தேவாலயத்தின் பின்கட்டு அறையில். எதிரே டீக்கடை வைத்திருக்கும் அக்காவுக்குத்தான் இந்த மடலின் பெரும்பகுதி.

சென்ற ஆடியில் மருத்துவமனையிலிருந்து வந்த ஐந்தாம் நாள், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். வியாழன், மாலை ஆறு மணி என்று அவர் தெளிவாகவே எழுதியிருந்தார். எனக்குத்தான் நாளும் கிழமையும் குழம்பிக் கிடந்தன. போய் நின்றால் கேட் பூட்டியிருந்தது. ஐந்து நாளாகச் சேர்த்த துணிவு அந்தப் பூட்டைக் கண்டதும் வடிந்துவிட்டது. அப்போதே திரும்பியிருந்தால் பேருந்து நிலையம் போகும் வழியில் எந்தக் கடை வாசலில் நின்றிருப்பேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னைக்குச் செவ்வாக்கெழமை தம்பி. அவுக வியாழக்கெழமைதான் வருவாக. இங்க வந்து உக்காருங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் கண்ணாடிக் கிளாசில் டீ கொடுத்தவர், எனக்கு மட்டும் ஒரு சிறிய எவர்சில்வர் சொம்பில் பாதி அளவுக்கு ஊற்றி, இரண்டு கைகளாலும் பிடிக்கும்படி நீட்டினார். என் கை நடுங்குவதைச் சுற்றி நின்றவர்கள் பார்ப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். எத்தனை ஆண்டுகளாக அந்த வாசலில் வந்து நிற்பவர்களின் கைகளைக் கவனித்திருந்தால் அப்படி ஒரு சொம்பைத் தனியே எடுத்து வைக்கத் தோன்றும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் அட்டையின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து யாருக்கோ பேசினார். இருபது நிமிடத்துக்குள் மொபெட்டில் ஓர் அண்ணன் வந்து இறங்கினார். கடைப் பெஞ்சின் கோடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் புத்தி சொல்லாமல், தான் குடித்த கதையையும் விட்ட கதையையும் தாழ்ந்த குரலில் சொன்னார். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்காம இருப்போம், நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாத்துக்குவோம்" என்றார். தெளிவோடு இருக்க விரும்பும் குடிநோயாளிகள் இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு குழு என்பது அந்த இயக்கத்தின் மரபு. அப்படிப் பார்த்தால் என் முதல் கூட்டம் பூட்டிய அறைக்கு வெளியே, அந்தப் பெஞ்சில், ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது.

இந்த இயக்கம் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய விதத்தைப் பின்னர் அறிந்தபோது எனக்கு அக்காவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. வெளியூரில் தனியே தவித்துக் குடிக்கு மறுபடி விழுந்துவிடுவோமோ என்று அஞ்சிய பில் என்பவர், தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். அவரை டாக்டர் பாப் என்ற குடிநோயாளியிடம் கொண்டு சேர்த்த ஹென்ரியட்டா சீபர்லிங் குடிநோயாளி அல்லர். கால் மணி நேரம் மட்டுமே இருப்பேன் என்று வந்த டாக்டர், மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தாராம். இருவரைச் சேர்த்து வைக்க மூன்றாவதாக ஒருவர் அன்றும் தேவைப்பட்டிருக்கிறார்.

திடீரென்று நீயாகக் குடியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்து, வார்டில் சேர்த்துப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், தடைக்காலத்திலும் பாதிச் சம்பளத்தை என் மனைவியின் கையில் கொடுத்த முதலாளிக்கும், கூட்டம் முடிந்து நான் ஓடி வரும்வரை உச்சிப்புளி வழிப் பேருந்தை ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கும் நடத்துநருக்கும், கூட்டம் இல்லாத நாட்களில் கைப்பேசியில் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன்மாருக்கும் என் வணக்கம். என் மனைவிக்குச் சொல்ல வேண்டியதை நேரில்தான் சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற வாரம் அக்காவிடம் கேட்டு, காலண்டர் அட்டையில் அண்ணனின் எண்ணுக்குக் கீழே என் எண்ணையும் எழுதிவிட்டு வந்தேன். அடுத்த தையில் அட்டையை மாற்றும்போது மறக்காமல் இரண்டையும் எடுத்தெழுதுங்கள் அக்கா. மண்டபத்திலிருந்து வந்து சேர எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வந்தவரைப் பெஞ்சில் உட்கார வைத்திருங்கள்.