பாதி வசனம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வெள்ளிக்கிழமை ஆன்மிகப் பக்கத்தில் திருக்குர்ஆன் வசனம் ஒன்றைக் கட்டம் கட்டி வெளியிடுகிறீர்கள். பலர் அதைக் கத்தரித்துக் கடையில் ஒட்டுகிறார்கள், படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். நல்ல பணி. ஆனால் அந்த வசனம் பெரும்பாலும் அத்தியாய எண், வசன எண் இல்லாமல் வருகிறது. சில வாரங்களில் வசனத்தின் ஒரு பகுதி மட்டுமே வருகிறது. குர்ஆனைப் படித்துத் தன் குணத்தைத் திருத்திக்கொள்ள நினைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய தடை என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம். முறையாகப் படிக்கும் வழியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மதரஸாக்களில் வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணம் அல்மாஊன் என்ற 107-ஆவது அத்தியாயம். அதன் 4-ஆவது வசனம் தொழுகையாளிகளுக்குக் கேடு என்கிறது. அங்கேயே நிறுத்தினால் தொழுவதே குற்றமாகிவிடும். தொழுகையில் அலட்சியமாக இருப்பவர்கள், பிறர் பார்க்கவேண்டும் என்று செய்பவர்கள், சின்னஞ்சிறு உதவியைக்கூடத் தடுப்பவர்கள் என்று 5, 6, 7-ஆம் வசனங்கள்தான் ஆளை அடையாளம் காட்டுகின்றன. அந்தச் சிறு உதவி எது என்பதற்கு நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) சொன்ன விளக்கம், அக்கம்பக்கத்தார் இரவல் வாங்கும் சட்டி, வாளி, கோடரி போன்றவை. மொத்தம் ஏழே வசனம். முழுதாகப் படித்தவருக்குத் தன் தொழுகையும் பக்கத்து வீட்டுக்குச் சட்டி இரவல் கொடுப்பதும் ஒரே கணக்கில் வருவது விளங்கும். பாதியைப் படித்தவருக்கு ஒன்றும் விளங்காது.

நம்மவர்கள் ஓதுவதில் குறை வைப்பவர்கள் அல்ல. மதீனா பதிப்பு முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) 604 பக்கங்கள். குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்றான ஜுஸ்உவுக்கு ஏறத்தாழ 20 பக்கம். நாளின் ஐந்து வக்துத் (வேளைத்) தொழுகை ஒவ்வொன்றுக்குப் பிறகும் 4 பக்கம் ஓதினால் நோன்பு மாதத்தில் ஒரு கத்தம் (முழுக் குர்ஆன் ஓதல்) முடிந்துவிடும். பல வீடுகளில் இது ஆண்டுதோறும் நடக்கிறது, அதற்குரிய நன்மை அதற்கு உண்டு. ஆனால் அதே வேகத்தில் குணம் திருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. பத்து வசனங்களைக் கற்றால் அவற்றின் பொருளையும் செயலையும் அறியாமல் அடுத்த பத்துக்குப் போகமாட்டோம் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) சொன்னதாகத் தபரியின் தஃப்ஸீரில் (குர்ஆன் விரிவுரையில்) பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் குணம் எப்படி இருந்தது என்று கேட்டவருக்கு, குர்ஆனாகவே இருந்தது என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) பதில் சொன்னது ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் உள்ளது. ஓதும் கணக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். படிப்பதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

தொடங்குகிறவர்களுக்கு 49-ஆவது அத்தியாயமான அல்ஹுஜுராத் பொருத்தமானது. 18 வசனங்கள், மதீனா பதிப்பில் சுமார் இரண்டரைப் பக்கம், நிதானமாக ஓத ஐந்தாறு நிமிடம். வீட்டிலும் தெருவிலும் கடையிலும் நாள்தோறும் நடக்கும் தவறுகளைப் பற்றியே பெரும்பகுதி பேசுகிறது. தேவையானவை ஒரு முஸ்ஹஃப், வெவ்வேறு ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) செய்த இரண்டு தமிழாக்கங்கள், ஒரு 40 பக்க நோட்டு. தமிழாக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வருவது மொழிபெயர்த்தவர் சேர்த்த விளக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வசனம் எது, விளக்கம் எது என்று பிரித்துவிடலாம். நோட்டில் எழுதும்போது விளக்கத்தை இறைவசனமாக எழுதிவிடக் கூடாது. பக்க எண்ணைக் குறிப்பதும் வேண்டாம். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். 49:11 என்று குறித்தால் எந்த முஸ்ஹஃபிலும் தேடி எடுத்துவிடலாம்.

முதல் வாரம் ஃபஜ்ருக்குப் (அதிகாலைத் தொழுகைக்குப்) பிறகு முழு அத்தியாயத்தையும் தினமும் ஓதித் தமிழையும் படிக்க வேண்டும். வேறெதுவும் செய்ய வேண்டாம். ஏழாவது நாளில் அத்தியாயத்தின் கட்டமைப்பு மனதில் நின்றுவிடும்: 1 முதல் 5 வரை அல்லாஹ்விடமும் தூதரிடமும் காட்டவேண்டிய ஒழுக்கம், 6 முதல் 8 வரை காதில் விழும் செய்தி, 9-லும் 10-லும் சண்டையும் சமாதானமும், 11-லும் 12-லும் நாக்கும் மனமும், 13-ல் பிறப்புப் பெருமை, 14 முதல் 18 வரை ஈமான் (இறைநம்பிக்கை) கொண்டோம் என்று வாயால் சொன்ன கிராமத்து அரபிகள். அடுத்த மூன்று வாரங்களுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு வசனம் போதும். 6, 11, 12 என்று எடுப்பது நல்லது. 9-ஆவது வசனம் பஞ்சாயத்து பேசப் போகிறவர்களுக்குக் கட்டாயப் பாடம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நோட்டில் ஒரு வசனத்துக்கு ஒரு பக்கம். மேலே வசன எண். அதன் கீழே வசனம் என்ன செய்யச் சொல்கிறது அல்லது தடுக்கிறது என்று ஒரே வரி. அடுத்து, அது என் நாளில் எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருடன் இருக்கும்போது வருகிறது என்று ஒரு வரி. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். 'இனிப் புறம் பேசமாட்டேன்' என்று எழுதினால் இரண்டாம் நாளே அது மறந்துபோகும். 'மதியம் டீக்கடையில் முதலாளி பேச்சு வந்தால் எழுந்து காசு கொடுக்கப் போய்விடுவேன்' என்று எழுதினால் அது செய்யக்கூடிய காரியம். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு ஆம் அல்லது இல்லை என்று மட்டும் குறித்தால் போதும். அடுத்தவர் பெயரையோ அவர் குறையையோ அந்த நோட்டில் எழுதக் கூடாது. எழுதினால் அதுவே புறமாகிவிடும். இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா' நூலில் காலையில் மனத்தோடு நிபந்தனை பேசிக்கொள்வது, பகலில் கண்காணிப்பது, இரவில் கணக்குக் கேட்பது என்று இதைத்தான் வரிசைப்படுத்துகிறார்.

6-ஆவது வசனம், நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. காரணத்தையும் சொல்கிறது: அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரும். வாட்ஸ்அப் குழுவில் 'வந்ததை அப்படியே அனுப்பினேன்' என்பவர்கள் இந்த வாரத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான். ஒருவரைப் பற்றியோ ஒரு சமூகத்தைப் பற்றியோ வரும் எதையும், முதலில் சொன்னவர் யார் என்று தெரியாமல் அனுப்பக் கூடாது. 'உண்மையா என்று தெரியவில்லை' என்று மேலே எழுதி அனுப்புவது விசாரித்ததாகாது.

11-ஆவது வசனம் கேலியையும் குத்திக்காட்டுவதையும் பட்டப்பெயரையும் தடுக்கிறது. ஆண்கள் ஆண்களைக் கேலி செய்வதையும் பெண்கள் பெண்களைக் கேலி செய்வதையும் தனித்தனியே சொல்லி, கேலி செய்யப்படுபவர் இவர்களைவிட மேலானவராக இருக்கலாம் என்கிறது. இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நம் ஊர்களில் குடும்பத்துக்கே பட்டப்பெயர் இருக்கிறது, அதைச் சொன்னால்தான் ஆள் தெரிகிறது, என்ன செய்வது? ஹதீஸ் அறிவிப்பாளர்களிலேயே அஃமஷ் (பார்வை மங்கியவர்), அஃரஜ் (கால் ஊனமுற்றவர்) என்று அறியப்பட்டவர்கள் உண்டு. அடையாளத்துக்காக, இழிவுபடுத்தும் எண்ணமில்லாமல் சொல்வதை அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். வேறு விதமாகச் சொல்ல முடிந்தால் அதுவே மேல். சோதனை எளிது. அந்தப் பெயரை அவர் முன்னால் சொன்னால் அவர் முகம் மாறுமா? மாறும் என்றால் அந்தப் பெயரை விட்டுவிட வேண்டும். வீட்டில் பிள்ளையைக் 'குண்டு', 'கறுப்பி' என்று கூப்பிடுவதும் இந்தக் கணக்கில் வரும், செல்லமாக என்றாலும்.

12-ஆவது வசனத்துக்கு ஒரு வாரம் போதாமல் போகலாம், இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளலாம். அதில் மூன்று தடைகள் வரிசையாக வருகின்றன: சந்தேகம், துருவித் துருவி ஆராய்வது, புறம் பேசுவது. இந்த வரிசையைக் கவனித்தவர்களுக்கு வேலை பாதியாகக் குறையும். மனதில் சந்தேகம் விழுகிறது. அதை உறுதிசெய்ய அடுத்தவர் போனைத் திறக்கிறோம், கடைசியாக எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தார் என்று பார்க்கிறோம். ஏதோ ஒன்று கிடைத்ததும் இன்னொருவரிடம் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. நாக்கை மட்டும் கட்டுப்படுத்த முயல்கிறவர்கள் தோற்றுப்போவது இதனால்தான். நிறுத்தவேண்டிய இடம் போனைத் திறக்கும் கை. புறம் என்றால் என்ன என்பதை நபி (ஸல்) அவர்களே விளக்கியிருக்கிறார்கள்: உன் சகோதரன் வெறுப்பதை அவனைப் பற்றிச் சொல்வது. சொல்வது உண்மையாக இருந்தால்? உண்மையாக இருந்தால்தான் புறம், இல்லாவிட்டால் அவதூறு. இதுவும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. 'உள்ளதைத்தானே சொன்னேன்' என்ற சமாதானத்துக்கு இதன் பிறகு இடமில்லை.

இதே வசனத்தைப் பாதியாகப் பிடித்துக்கொண்டு செய்யப்படும் அநியாயமும் உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். கணவன் அடிக்கிறான் என்று தாய்வீட்டில் சொல்லும் பெண்ணிடம், சம்பளம் வரவில்லை என்று முறையிடும் தொழிலாளியிடம், 'புறம் பேசாதே' என்று வாயடைக்கிறார்கள். இது தவறு. அபூ சுஃப்யான் போதிய செலவுக்குத் தருவதில்லை என்று அவர் மனைவி ஹிந்த் முறையிட்டபோது நபி (ஸல்) அவரைக் கண்டிக்கவில்லை. உனக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் போதுமானதை எடுத்துக்கொள் என்றார்கள். தன்னைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வசதியற்றவர், மற்றவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர் (பெண்களை அடிப்பவர்) என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். இமாம் நவவி இவற்றையெல்லாம் தொகுத்து, அநீதி பற்றி முறையிடுவது, தீமையைத் தடுக்க உதவி கேட்பது, மார்க்கத் தீர்ப்புக் கேட்பது, எச்சரிப்பது, பகிரங்கமாகப் பாவம் செய்பவர் பகிரங்கமாகச் செய்வதைச் சொல்வது, அடையாளம் சொல்வது என்று ஆறு இடங்களை விலக்காகப் பட்டியலிட்டிருக்கிறார். தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது, அவ்வளவே. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருபவரிடம் குடிப்பழக்கத்தை மறைப்பது நற்குணம் ஆகாது.

பேசிவிட்ட புறத்துக்கு என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். சம்பந்தப்பட்டவர் காதுக்கு எட்டியிருந்தால் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். எட்டாதபோது இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. போய்ச் சொன்னால் புதுப் பகை முளைக்கும் என்றிருந்தால் சொல்லாமல், அவருக்காக துஆ (பிரார்த்தனை) கேட்பதும், எந்தச் சபையில் பழித்தோமோ அதே சபையில் அவருடைய நல்லதைப் பேசுவதும் போதும் என்பது பலருடைய கருத்து.

இனி 9-ஆவது வசனம். சண்டையிடும் இரு தரப்பாரைச் சமாதானப்படுத்துங்கள் என்ற முதல் வரியை எல்லோருக்கும் தெரியும். வசனம் அங்கே முடியவில்லை. ஒரு தரப்பு வரம்பு மீறினால் அது திரும்பும்வரை அதை எதிர்த்துப் போரிடுங்கள், திரும்பிவிட்டால் நீதியோடு சமாதானம் செய்யுங்கள் என்கிறது. நீதி என்ற நிபந்தனை கடைசியில்தான் வருகிறது. அது விட்டுப்போவதால்தான் பாகப்பிரிவினையில் சகோதரியைப் பார்த்து, 'விட்டுக்கொடும்மா, அண்ணன் தம்பி உறவு முக்கியம்' என்று ஊர்ப் பெரியவர்கள் பேசிக் கையெழுத்து வாங்குகிறார்கள். பங்கு எவ்வளவு என்று ஆலிமிடம் கேட்டு எழுதி, அதை அவள் கையில் கொடுத்த பிறகு அவளாக விட்டுக்கொடுத்தால் அது வேறு. பலவீனமான தரப்பை அமுக்குவது இந்த வசனம் சொல்லும் சமாதானம் இல்லை.

தனியாகப் படிப்பதற்கு ஓர் எல்லையும் உண்டு. வாரிசுரிமை, தலாக், கொடுக்கல் வாங்கல் பற்றிய சட்ட வசனங்களைத் தமிழாக்கம் மட்டும் பார்த்து நாமே தீர்ப்பாக்கக் கூடாது. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். குண வசனங்களுக்கு அந்தத் தயக்கம் வேண்டாம். ஆனால் படித்த வசனத்தை முதலில் மனைவி மேலும் பிள்ளைகள் மேலும் பிரயோகிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்த வாரம் முழுவதும் அது நமக்கு மட்டும் இறங்கியது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹுஜுராத் முடிந்தால் அவரவர் தொழிலைப் பார்த்து அடுத்ததை எடுக்கலாம். வியாபாரிக்கு 83:1-6, கடன் கொடுப்பவருக்கு 2:280-282, தானம் செய்பவருக்கு 2:261-274, பிள்ளை வளர்ப்பவருக்கு 31:12-19, வயதான பெற்றோருடன் இருப்பவருக்கு 17:23-25.

ஆசிரியர் அவர்கள் செய்யவேண்டியது மூன்று: வசனத்தோடு அத்தியாய எண்ணும் வசன எண்ணும் போடுங்கள். எந்தத் தமிழாக்கம் என்று குறிப்பிடுங்கள். இடம் போதாவிட்டால் வசனத்தை வெட்டுவதைவிடச் சிறிய வசனமாகத் தேர்ந்தெடுங்கள். அல்மாஊன் போன்ற சிறிய அத்தியாயம் என்றால் முழுவதையும் உங்கள் கட்டத்துக்குள் அச்சிட்டுவிடலாம்.

இப்படிக்கு,
குர்ஆன் வகுப்பு நடத்தும் வாசகர்,
காயல்பட்டினம்