பருவ நிறைவுக் கடிதம்: எழுத்தாளர் சந்திப்பு குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பதக்கங்களோடு திரும்பினார்கள். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. தேர்வு முடிவுகளும் திருப்தியாக உள்ளன. நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. உழைத்த ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் பாராட்டுகள்.

அப்புறம், சென்ற மாதம் நம் பள்ளியில் நடந்த இளம் எழுத்தாளர் சந்திப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

நான்கு பள்ளிகளிலிருந்து கதை, கவிதை எழுதும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் எழுதியதை வாசிப்பார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், இடைவேளையில் கலந்து பேசுவார்கள், கடைசி ஒரு மணி நேரம் சிறப்பு விருந்தினராக வந்த எழுத்தாளரோடு உரையாடல். இதுதான் ஏற்பாடு. நம் பள்ளியிலிருந்து 34 பேர் பெயர் கொடுத்தார்கள், 34 பேரும் வந்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் எழுத்தாளர் பேச எழுந்தபோது நம் பிள்ளைகள் 11 பேர்தான் அரங்கில் இருந்தார்கள். மற்றவர்களை அவரவர் வாசிப்பு முடிந்த கையோடு நீங்கள் அழைத்துப் போய்விட்டீர்கள்.

ஒரு காட்சி கண்ணிலேயே நிற்கிறது. சம்பந்தப்பட்ட மாணவியிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் அவள், தினமும் சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டும் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியைப் பற்றிக் கதை வாசித்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் வேறு பள்ளிப் பையன் ஒருவன் எழுந்து, “தட்டுவது யாரென்று அந்தப் பாட்டிக்குத் தெரியுமா?” என்று கேட்டான். அவள் யோசித்தாள். பதில் சொல்ல வாயெடுத்த நேரம், வாசலில் நின்று அம்மா கையசைத்தார். நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கள்கிழமை காலை என் அறைக்கு வந்தாள். “சார், அந்தப் பையன் எந்தப் பள்ளி? அவனுக்குப் பதில் சொல்லணும். எழுதும்போது எனக்கே அது தெரியலை. இப்போ தெரிஞ்சுடுச்சு” என்றாள்.

இந்தக் கேள்வியை நாம் அவளிடம் கேட்டிருக்க மாட்டோம். வீட்டில் படித்துக் காட்டினால் “நல்லா இருக்கு” என்போம். ஆசிரியர்களாகிய நாங்கள் ஒற்றுப்பிழைக்குக் கோடு போடுவோம். பாட்டிக்கு என்ன தெரியும் என்று கேட்பதற்கு, தானும் கதை எழுதித் தவிக்கிற இன்னொரு பிள்ளை வேண்டியிருக்கிறது.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. தொல்காப்பியமே பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்ற புலவர் முன்னிலையில் குற்றமறத் தெரித்துக் காட்டப்பட்டது என்கிறது அதன் முன்னுரைப் பாடலான சிறப்புப் பாயிரம். அந்தப் பாயிரத்தைப் பாடிய பனம்பாரனார் தொல்காப்பியரோடு கூடப் படித்தவர் என்பது மரபு. எழுதியவரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் உடன் படித்த நண்பர்!

இன்னொன்றையும் சொல்ல ஆசை. 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில், விடாமல் மழை பெய்த நாட்களில், கவிஞர் பைரன் தன்னோடு இருந்தவர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார். அங்கிருந்த மேரிக்கு (பின்னாளில் மேரி ஷெல்லி என்று அறியப்பட்டவர்) அப்போது 18 வயது. கதை கிடைத்ததா என்று காலைதோறும் கேட்பார்களாம், இல்லை என்று சொல்லவே கூச்சமாக இருக்குமாம். பைரனும் மேரியின் துணைவரான கவிஞர் ஷெல்லியும் உயிரின் மூலம் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததை, தான் அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் மேரியே எழுதியிருக்கிறார். அந்தப் பேச்சைக் கேட்ட இரவில்தான் அவர் மனதில் அந்தக் கதை உருவானது. 1818இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலாக வெளிவந்தது. அவருக்குக் கதை கிடைத்தது, மற்றவர்கள் பேசும்போது கூட இருந்து கேட்டதால்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். வாரத்தில் கிடைப்பது ஒரு விடுமுறை, வீட்டில் சின்னப் பிள்ளை காத்திருக்கும், அடுத்து டியூஷன் இருக்கும். “வாசிச்சாச்சு, சான்றிதழும் வாங்கியாச்சு, இனி என்ன?” என்று தோன்றுவதும் இயல்புதான். யாரையும் குறை சொல்ல எழுதவில்லை.

ஆனாலும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். தன் முறை முடிந்ததும் எழுந்து போவது, மற்றப் பிள்ளைகளின் எழுத்தைக் கேட்க வேண்டியதில்லை என்று நம் பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுப்பது போலாகிறது. கடைசியாக வாசித்த பிள்ளைகள் காலி நாற்காலிகளைப் பார்த்து வாசித்தார்கள். அதில் இரண்டு பேர் நம் பள்ளிப் பிள்ளைகள். இது மறுபடி நடக்கக் கூடாது. ஆகவே அடுத்த சந்திப்பில் இறுதிவரை இருக்க முடிந்தவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள். உடல்நலக் குறைவு, அவசரம் என்றால் தாராளமாக அழைத்துச் செல்லலாம். மற்றபடி நடுவில் அனுப்ப மாட்டோம். சான்றிதழும் கடைசியில்தான் தரப்படும்.

அன்று இருந்த 11 பேருக்குக் கிடைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த எழுத்தாளர் தன் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்திருந்தார். ஒரே பத்தியை ஏழு தடவை அடித்து அடித்து எழுதியிருந்தார். அந்தத் தாளைப் பிள்ளைகள் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். “பெரியவங்களுக்கும் இப்படித்தான் வருமா?” என்று ஒருத்தி கேட்டாள். திருத்தி எழுது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அந்த ஒரு தாள் செய்ததை நாங்கள் செய்ததில்லை.

கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் யாருக்கும் காட்டாமல் கவிதை எழுதிவந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், இடைவேளையில் மாடிப்படியில் வேறு பள்ளிப் பிள்ளைகள் இருவரோடு நோட்டை மாற்றிப் படித்துக்கொண்டிருந்தான். தன்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. மணி அடித்தும் மூவரும் எழவில்லை. நானும் எழுப்பவில்லை.

கடைசிவரை இருந்த பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி. தோளில் தூங்கும் குழந்தையோடு பின்வரிசையில் முழு நேரமும் உட்கார்ந்திருந்த அப்பாவை மறக்க மாட்டேன். முன்னதாகக் கிளம்பியவர்களுக்கும் நன்றி. உங்கள் ஊக்கம் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் மேடை ஏறியிருக்கவே மாட்டார்கள்.

அடுத்த சந்திப்பு வரும் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, காலை 10 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை. ஒப்புதல் படிவத்தை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பாட்டி கதையின் முடிவைத் திருத்தி எழுதிவிட்டாள் அந்த மாணவி. அன்று அவள்தான் கடைசியாக வாசிக்கிறாள். அந்தப் பையனின் பள்ளிக்கும் அழைப்பு அனுப்பியாகிவிட்டது.

அன்புடன்,
தலைமையாசிரியர்