நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து போனேன்

நீல நிற மருத்துவக் கோப்பு ஒன்றை மடியில் வைத்திருந்த பெண்ணுக்கு,

உன் பெயர் எனக்குத் தெரியாது. ஸ்கேன் அறைக்கு வெளியே இருபது நிமிடம் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். கைப்பிடியைப் பற்றி, ஒருபக்கமாகச் சாய்ந்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி நீ உட்கார்ந்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அப்படி உட்காரப் பழகப் பல வருடங்கள் ஆகும். 29 வயது என்றாய். இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட நாள் குறித்திருக்கிறார்கள், இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது என்றாய். எனக்கு அது 32 வயதில் நடந்தது, ஆறு வருடம் ஆகிறது என்றேன். கோப்பை மூடிவிட்டுக் கேட்டாய்: "வருத்தமாக இருக்கிறதா, அக்கா?"

அந்த நேரம் பார்த்து என் பெயரை அழைத்தார்கள். வெளியே வந்தபோது நீ இல்லை.

அக்கா என்று அழைத்துவிட்டாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். உன்னிடம் சேர்க்க வேறு வழி தெரியவில்லை, அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

வருத்தம் இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டேனே என்று இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போய்ப் படுத்தேனே என்றுதான்.

என் கதையும் ஏறக்குறைய உன் கதைதான், சுருக்கிச் சொல்கிறேன். 12 வயதில் தொடங்கிய வலிக்கு 23 வயதில்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயர் கிடைத்தது. கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் அது. நோயைக் கண்டறிய 4 முதல் 12 வருடம் வரை ஆவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் அந்தக் கணக்கின் கடைசி வரிசையில் நின்றவள். பிறகு மாத்திரைகள், வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி இரண்டு, சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கி உருவாகி இரண்டு முறையும் திரும்பி வந்த சாக்லெட் கட்டிகள். கடைசி ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளும் கருப்பைக்குப் பின்னால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மருத்துவத்தில் அதற்கு 'முத்தமிடும் சினைப்பைகள்' என்று பெயர். இவ்வளவு வலிக்கு இப்படி ஒரு பெயரை வைத்தவருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட மாதவிடாய் வந்திருக்காது என்பது என் ஊகம்.

அந்த நிலையில் "எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்" என்று மருத்துவர் சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை. தூக்கம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பத்து மணி நேரம் தூங்கினேன். இரண்டு வாரத்தில் தேதி கொடுத்தார்கள். ஒப்புதல் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கருப்பை, இரண்டு சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாம் போயின.

மூன்றாம் நாள் இரவு, காய்ச்சல் என்று நினைத்துச் செவிலியரை அழைத்தேன். வெப்பமானி இயல்பான அளவைக் காட்டியது. மறுபடி பார்க்கச் சொன்னேன், அதே அளவு. மார்பிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து முகத்துக்கும் ஏறிய அந்தத் தீ நான்கைந்து நிமிடத்தில் இறங்கி, நனைந்த உடையோடு என்னை நடுங்க வைத்துவிட்டுப் போனது. அவர் என் கோப்பைப் புரட்டினார். "உங்களுக்கு மெனோபாஸ் தொடங்கிவிட்டதம்மா. யாரும் சொல்லவில்லையா?" என்றார்.

சொல்லியிருப்பார்கள். ஒரு வாக்கியமாக எங்கோ சொல்லியிருப்பார்கள். 'மாதவிடாய் நின்றுவிடும்' என்பது 20 வருடமாக மாதவிடாயால் துடித்தவளுக்கு எச்சரிக்கையாகவா கேட்கும்? பரிசு போலத்தான் கேட்டது.

எனவே அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துச் சொல்கிறேன். இயற்கையாக வரும் மாதவிடாய் நிறுத்தம் பெரும்பாலும் 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில், பல வருடங்களில், மாலை மயங்கி இருட்டுவதுபோல வருகிறது. நின்ற பிறகும் சினைப்பைகள் முற்றிலும் ஓய்ந்துவிடுவதில்லை, கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்துகொண்டிருக்கின்றன. நமக்கு அந்தி என்ற ஒன்றே இல்லை. காலையில் மயக்க மருந்து, மாலையில் கண் விழிக்கும்போது இருட்டு. உடல் வெப்பத்தைக் காவல் காக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி மூளையின் அடியில் இருக்கிறது. சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இல்லாமல் போனதும் அதன் பொறுமை போய்விடுகிறது. வெப்பம் இம்மியளவு கூடினாலும் வீடு பற்றி எரிவதாக நினைத்து இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்ட வைக்கிறது. அன்றிரவு எனக்கு நடந்தது அதுதான்.

வியர்வையைச் சமாளித்துவிடலாம். என்னைக் கலங்கடித்தவை வேறு. பேசிக்கொண்டிருக்கும்போதே சொற்கள் கைநழுவின. ஒருமுறை 'சாவி' என்ற சொல் வராமல் பூட்டைத் திறப்பதுபோல் கையைச் சுழற்றிக் காட்டினேன். காலையில் விரல் மூட்டுகள் மடங்க மறுத்தன. காரணமில்லாத கோபமும் காரணமில்லாத அழுகையும் ஒரே மணி நேரத்துக்குள் வந்து போயின. அம்மாவுக்கு அப்போது 53 வயது. இரவு மூன்று மணிக்கு இருவரும் தனித்தனியே எழுந்து வந்து கூடத்து மின்விசிறிக்கு அடியில் சந்தித்துக்கொள்வோம். "எனக்கு இது வரவேண்டிய வயது. உனக்கு எதற்கடி?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். இருவரும் சிரித்தோம். பிறகு அம்மா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

இப்படி ஒன்பது மாதம். ஏன் ஒன்பது மாதம் என்றால், எனக்கு அறுவை சிகிச்சை செய்தவர் ஹார்மோன் தர மறுத்துவிட்டார். ஈஸ்ட்ரோஜன் நோயைத் திரும்ப வளர்க்கும், அதோடு மார்பகப் புற்றுநோய் வேறு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவருடைய பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2002-இல் அமெரிக்காவில் ஹார்மோன் மாத்திரைகள் பற்றிய ஒரு பெரிய ஆய்வின் ஒரு பிரிவைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் சற்றுக் கூடியது தெரிந்ததுதான் காரணம். உலகம் முழுவதும் மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் ஹார்மோன் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் 50 முதல் 79 வயது வரையிலான பெண்கள், சராசரி வயது 63. அந்த முடிவை 32 வயதுக்காரியின் தலையில் வைப்பது எந்தக் கணக்கு? 63 வயதில் எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் கூடுதலாகச் சேர்ப்பது. என் வயதில் அது என்னிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது.

மறுபக்கத்து ஆய்வை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சினைப்பைகள் எடுக்கப்பட்ட பெண்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவு அது. 45 வயதுக்கு முன்பே இரண்டையும் இழந்தவர்களிடம் இறப்பு விகிதம் கூடியிருந்தது, அதுவும் முக்கியமாக ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்படாதவர்களிடம். எலும்பு, இதயம், மூளை மூன்றுக்கும் அந்த ஹார்மோன் வேலை செய்துகொண்டிருந்தது. கருப்பைக்கு மட்டும் உரியது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

1872-இல் ராபர்ட் பாட்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் மாதவிடாய்த் தொல்லைகளுக்காக நோயில்லாத சினைப்பைகளைக்கூட எடுக்கத் தொடங்கினார். அவர் பெயராலேயே அந்த அறுவை சிகிச்சை பரவியது. அந்தப் பெண்கள் பிறகு இரவுகளை எப்படிக் கழித்தார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். ஈஸ்ட்ரோஜனைப் பிரித்தெடுத்ததே 1929-இல்தான். அவர்களுக்குக் கொடுக்க யாரிடமும் எதுவும் இல்லை. என் காலத்தில் இருந்தது. இருந்தும் ஒன்பது மாதம் நான் 1872-இல் வாழ்ந்தேன்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்தார். தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல், அதோடு கருப்பையின் உட்சுவரைக் காக்க வழக்கமாகச் சேர்த்துத் தரும் புரோஜெஸ்டோஜன் என்ற ஹார்மோன் மாத்திரை. கருப்பையே இல்லாதவளுக்குப் புரோஜெஸ்டோஜன் எதற்கு என்று கேட்டேன். வயிற்றுக்குள் எங்காவது நோயின் துணுக்கு மிஞ்சியிருந்தால் தனி ஈஸ்ட்ரோஜன் அதை எழுப்பிவிடக்கூடும், துணைக்கு இது இருந்தால் அந்த ஆபத்து குறையும் என்றார். நம் போன்றவர்களுக்கு இயற்கையாக நிற்கும் வயது வரையிலாவது இப்படிச் சேர்த்துத் தரலாம் என்றுதான் ஐரோப்பிய வழிகாட்டுதலும் 2022-இல் சொல்கிறது. முதல் மருத்துவரின் பயத்தில் பாதி உண்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாதி உண்மைக்கு முழுத் தண்டனை கொடுத்தார். உனக்கு எந்த மருந்து, எந்த அளவு என்பதை உன் உடலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கணக்கு வேறு. ஆனால் அந்தப் பேச்சு கத்தி படுவதற்கு முன்பே நடந்து முடிந்து, உன் கோப்பில் எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் கையில் மருந்துச் சீட்டு இருக்க வேண்டும். ஒருவர் மறுத்தால் காரணத்தைக் கேள், பிறகு இன்னொருவரிடம் போ. ஐந்து வாரம் அதற்குப் போதும்.

இன்னொன்றையும் கேள்: ஒத்திகை பார்க்க முடியுமா என்று. சினைப்பைகளைத் தற்காலிகமாக உறங்க வைக்கும் ஊசிகள் இருக்கின்றன. முதல் ஓரிரு வாரம் வலி கூடலாம், அதன் பிறகு செயற்கையான மாதவிடாய் நிறுத்தம் வந்துவிடும். தேதியைத் தள்ளிவைத்துச் சில மாதம் அப்படி இருந்து பார்த்தால், சினைப்பைகள் ஓய்ந்தால் உன் வலி ஓயுமா என்பதற்கு ஓரளவு விடை கிடைக்கும். அந்த வெக்கையில் நீ எப்படி இருப்பாய் என்பதும் தெரியும். ஊசியை நிறுத்தினால் பழையபடி திரும்பிவிடலாம். கத்திக்கு அந்த வசதி இல்லை. எனக்கு அந்த ஊசியைப் பற்றித் தெரிந்தது எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்து.

வலி முழுதாகப் போய்விடும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதே. 1995-இல் வெளியான ஒரு பழைய, சிறிய ஆய்வில் கருப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டுவைத்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு வலி திரும்பியது. இரண்டு சினைப்பைகளும் போனவர்களில் பத்துக்கு ஒருவருக்குத் திரும்பியது. நல்ல வித்தியாசம்தான், ஆனாலும் அந்த ஒருவர் இருக்கிறார். குடலிலும் சிறுநீர்ப்பையிலும் ஒட்டியிருக்கும் நோயை அப்படியே விட்டுவிட்டுச் சினைப்பையை மட்டும் எடுத்தால் வேர் உள்ளேயே இருக்கிறது. உனக்கு அறுவை சிகிச்சை செய்யப்போகிறவர் அதையும் வெட்டி எடுப்பாரா, அந்தப் பயிற்சி அவருக்கு உண்டா என்று கேட்கக் கூசாதே. நான் கூசினேன்.

கருமுட்டை பற்றி உன்னிடம் பேசினார்களா? என்னிடம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வலி அவ்வளவு நெருக்கத்தில் இருக்கும்போது பத்து வருடம் தள்ளி யோசிக்க மூளையில் இடம் இருப்பதில்லை. எனக்குக் குழந்தை வேண்டுமா என்று இன்றுவரை தெளிவாகத் தெரியாது. அந்தத் தெளிவின்மையை நானே வைத்துக்கொள்ள விரும்பினேன், அதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். முன்பே சில முட்டைகளை உறைய வைத்துப் பாதுகாப்பது உன் நிலையில் சாத்தியமா என்பதையும், சினைப்பைகள் போனாலும் கருப்பையை விட்டுவைக்க முடியுமா என்பதையும் கேட்டுவிடு. வேண்டாம் என்று நீயே முடிவு செய்தால் அது வேறு.

யாரும் சத்தமாகச் சொல்லாத ஒன்று: பிறப்புறுப்பு வறண்டுபோகும். உறவு வலிக்கும், சில நாள் நடப்பதே உறுத்தும். அதற்கு அந்த இடத்திலேயே பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு, இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். அதுவும் போதாமல் போனபோதுதான் ஓர் இயன்முறை மருத்துவர் எனக்கு வேறொன்றைக் காட்டினார். இருபது வருடம் வலிக்குப் பயந்து இறுகிப் பழகிய இடுப்புத்தளத் தசைகள், நோயை எடுத்த செய்தி தெரியாமல் இன்னும் இறுகியே இருந்தன. அவற்றுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுக்க எட்டு மாதம் ஆனது. அறுவை சிகிச்சையைவிட அந்த எட்டு மாதத்துக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்று சில நாள் தோன்றும்.

இவ்வளவும் படித்துவிட்டு 'அப்படியானால் வேண்டாம் என்கிறாளா' என்று நினைத்துவிடாதே. அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கிய பிறகுதான் உறைத்தது: வழியில் ஒருமுறைகூட வயிற்றைப் பற்றி நான் நினைக்கவில்லை. நிறுத்தத்திலேயே நின்றுவிட்டேன். மாத்திரை இல்லாத பையோடு வீட்டை விட்டுக் கிளம்புகிறேன் இப்போது. அந்த 32 வயதுக்காரியிடம் போய்ப் பேச முடிந்தால் அறுவை சிகிச்சையைத் தடுக்க மாட்டேன். தேதியை ஆறு மாதம் தள்ளச் சொல்வேன்.

அன்று அந்த அறைக்குள் என்னை அழைத்தது எலும்பு அடர்த்தி பார்ப்பதற்கு. ஹார்மோன் இல்லாத அந்த மாதங்களுக்குப் பிறகு எடுத்த முதல் ஸ்கேனில் என் முதுகெலும்பு என் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் கீழே போயிருந்தது. பிறகு மெல்ல ஏறியது. இந்த முறை, போன தடவை இருந்த அதே இடத்தில் நிற்கிறது, இறங்கவில்லை. அதை உன்னிடம் சொல்லத்தான் சட்டையின் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே வந்தேன். உன் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள், கைப்பிடியைப் பற்றியபடி.

அன்புடன்,
அன்று உன் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா