ஊர் நலச் சங்கம்: 2025–26 ஆண்டறிக்கை

பெரியோர்களே, தாய்மார்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வேதாரண்யம் வட்டத்தில் நெய்விளக்கு ரயில் நிலையத்தை நம்பியிருக்கும் நம் ஊரின் நலச் சங்கம் கடந்த ஓராண்டில் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். பனைவிதை ஊன்றியது, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கியது ஆகியவை வழக்கம்போல் நடந்தன. மற்ற உழைப்பெல்லாம் போக்குவரத்துக்கே போனது.

எங்கு போய் பஸ் கேட்டாலும் முதல் கேள்வி, "ஊரில் எத்தனை பேர்?" என்பதுதான். நம் கையில் இருக்கும் அரசு எண் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எடுத்தது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறார்கள். 2021 கணக்கெடுப்பு கொரோனாவால் நின்றுபோனது. அதோடு, கணக்கெடுப்பு நூலில் வருவாய்க் கிராமம் முழுமைக்கும் ஒரே எண்தான். காடு காடாகப் பிரிந்து கிடக்கும் நம் குடியிருப்புகளில் எது தார்ச் சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை அந்த எண் சொல்லாது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளிக் குடியிருப்புக்கு 500 பேர் என்பது அளவு. 2024 இல் ஒப்புதல் பெற்ற அதன் நான்காம் கட்டத்துக்கும் 2011 கணக்குதான் அடிப்படை. பழைய எண்ணை வைத்து இன்றைய ஊரை அளப்பது நமக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ரயில் திரும்பி வந்ததை நன்றியோடு சொல்ல வேண்டும். அகலப்பாதைக்காக 2004 இல் நிறுத்தப்பட்ட திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளிப் பாதை, 37 கிலோமீட்டர், 2023 ஏப்ரல் 8 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. ரயிலையே பார்க்காமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆனால் நடைகள் குறைவு. பூ பறிப்பவர்களின் நேரத்துக்கு அவை உதவுவதில்லை.

முல்லை மொட்டை விடியும் முன் பறித்து, மலர்வதற்குள் சந்தையில் சேர்த்தாக வேண்டும். ஒரு மணி நேரம் தாமதித்தால் விலை இறங்கிவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் மாமரமும் தென்னையும் சாய்ந்த வீடுகளுக்கு அன்றாடக் காசு தருவது இந்தப் பூதான். காலை முதல் பஸ் வராத நாளில் நம் பெண்கள் கூடையோடு கூட்டாக ஆட்டோ பிடிக்கிறார்கள். அன்று பூவில் கிடைத்தது வாடகைக்கே போய்விடுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ்ஸே வராத ஊருக்கு அந்தச் சலுகை எப்படி வந்து சேரும்?

ஆகவே கிராம சபையில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்றி, திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்தோம். காலையில் பூச்சந்தை நேரத்துக்கு ஒரு பஸ் நடை வேண்டும் என்பது முதலாவது. நம் குடியிருப்புகளை இணைக்கும் மினி பஸ் வேண்டும் என்பது இரண்டாவது. 2025 இல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டத்தில் தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். நம் உட்சாலைகள் அதற்குப் பொருந்தும் என்று வரைபடத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. விடப்போவதில்லை.

அடுத்த வேலை கணக்கெடுப்பு. 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வீடுகளைப் பட்டியலிடும் கட்டம் நாடெங்கும் நடக்கிறது. 2027 பிப்ரவரியில் ஆட்களை எண்ணுவார்கள். வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் ஒருவர் எண்ணப்படுவார். திருப்பூரிலேயே குடியிருக்கும் நம் பிள்ளைகளை இங்கே சேர்க்க முடியாது. ஆனால் இங்கே வாழும் ஒருவர்கூட விடுபடக் கூடாது. தோப்புக்குள் தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குக் கணக்கெடுப்பாளரை அழைத்துச் செல்லத் தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் முன்வர வேண்டும்.

காலை நடையை மறுபடியும் கோரும் மனு மேசையில் இருக்கிறது. கையெழுத்திடாதவர்கள் இன்றே இட்டுச் செல்லுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்