வார்டு செவிலியரின் முடிவுக்கு எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டும்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் நான். சம்பளம், நிரந்தரப் பணி, பதவி உயர்வு பற்றியெல்லாம் எங்கள் சங்கங்கள் உங்களிடம் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. நான் கேட்க வந்தது வேறு. பெரியவர்கள் படுத்திருக்கும் சாதாரண வார்டில் ஒரு நோயாளியின் நிலை சரியத் தொடங்கினால் செவிலியர் தானாக என்ன செய்யலாம், யாரைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டவர் எத்தனை நிமிடத்துக்குள் வந்து நிற்க வேண்டும் என்பதை எழுத்தில் வகுத்து ஓர் உத்தரவு போடுங்கள்.

செவிலியர் முடிவெடுப்பது நம் அரசுக்குப் புதிதல்ல. டி.ஏ.இ.ஐ. எனப்படும் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில், வாசலுக்கு வரும் நோயாளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து அனுப்பும் வேலையில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இருக்கிறார்கள். பிரசவ வார்டிலும் அப்படித்தான். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால், டாக்டர் வரும்வரை காத்திராமல் மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸைப் போட்டுவிட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்ப, பயிற்சி பெற்ற செவிலியருக்கு மத்திய அரசின் வழிகாட்டுதலே இடம் கொடுக்கிறது. அந்த நம்பிக்கை பல தாய்மார்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதே படிப்பு படித்த செவிலியர் ஆண்கள் மருத்துவ வார்டுக்கோ பெண்கள் அறுவை சிகிச்சை வார்டுக்கோ மாற்றலாகி வந்ததும் அவர் கையில் ஒரு தாளும் இல்லை. “டாக்டரிடம் சொல்லியாச்சு” என்று கேஸ் ஷீட்டில் எழுதி நேரம் போடுவதோடு அவருடைய அதிகாரம் முடிந்துவிடுகிறது.

நைட் டியூட்டியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். 2 மணிக்கு ஒரு செவிலியர் போன் செய்கிறார்: “சார், பேஷண்ட் ஏதோ சரியில்ல.” மறுமுனையில் இருப்பவர் காலையிலிருந்து உட்காராத பயிற்சி மருத்துவர். “ஏதோன்னா என்ன சிஸ்டர்? பி.பி. எவ்வளவு?” “108.” “நல்லாத்தானே இருக்கு. பாத்துட்டு இருங்க, வரேன்.” இருவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. செவிலியர் கண்டதைச் சொல்ல ஒரு பொதுவான முறை இல்லை. மருத்துவர் கட்டாயம் வர வேண்டிய எல்லைக்கோடு எங்கும் எழுதப்படவும் இல்லை.

அப்படி ஒரு கோடு போட முடியும். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் வெளியிட்டு 2017-ல் திருத்திய ‘நியூஸ்’ என்ற, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் மதிப்பெண் முறை நாம் தினமும் எடுக்கும் அளவுகளை வைத்தே நடக்கிறது: மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் கொடுக்கிறோமா இல்லையா, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவு, காய்ச்சல். நிமோனியாவோடு படுத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு 24, ஆக்சிஜன் கொடுக்காமலே 94, நாடி 112, மேல் ரத்த அழுத்தம் 108, காய்ச்சல் 38.2 டிகிரி செல்சியஸ். ஆள் நினைவோடு பேசுகிறார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் யாரும் பதற மாட்டார்கள். கூட்டிப் பார்த்தால் 2, 1, 2, 1, 1 என்று 7 வருகிறது. அந்த முறையில் 5 வந்தாலே மருத்துவர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும், 7 என்றால் அவசர நிலை. போனில் “ஏதோ சரியில்ல” என்பதற்குப் பதில் “சார், ஸ்கோர் 7” என்று சொன்னால் அந்த உரையாடலே மாறிவிடும். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த முறை பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இதில் மூச்சு எண்ணிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மனிதர் மோசமாவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் அதுதான். நம் சார்ட்டுகளைப் புரட்டிப் பாருங்கள்: வார்டு முழுக்க 20, 20, 20. எண்ணாமல் எழுதியது என்று பார்த்தாலே தெரியும். ஒரு முழு நிமிடம் கையைக் கட்டி நின்று எண்ண வேண்டிய விஷயம் அது. 40 பேர் இருக்கும் வார்டில் அதற்கு மட்டுமே 40 நிமிடம் ஆகும். அப்படி எண்ணி எழுதிய எண்ணை ரவுண்ட்ஸில் யாரும் கேட்பதும் இல்லை. யாரும் படிக்காத எண்ணை யார் அக்கறையோடு எழுதுவார்கள்? அந்த எண்ணை வைத்து ஒரு டாக்டர் மாடி ஏறி வருவார் என்றால் நாங்கள் எண்ணுவோம். ஆள் பற்றாக்குறையைப் பற்றிக் கேட்க நான் வரவில்லை, ஆனால் இங்கே அதைத் தொடாமல் போக முடியவில்லை. அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் குழுவினர் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்துச் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. ஆள் குறைவை எந்த ஸ்கோர் சார்ட்டும் ஈடுகட்டாது.

எண் மட்டும் போதாது என்பதும் எங்களுக்குத் தெரியும். இளவயதுக்காரரின் உடம்பு கடைசிவரை ரத்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்து, பிறகு ஒரேயடியாக விட்டுவிடும். “அம்மா நேத்து மாதிரி பேசல சிஸ்டர்” என்று கூட இருக்கும் மகள் சொன்னால் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. புதிதாக வந்த குழப்பத்துக்கு ‘நியூஸ்’ முறை 3 மதிப்பெண் தருகிறது, அது ஒன்றே டாக்டரைக் கூப்பிடப் போதுமானது. சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனை 1990-ல் தொடங்கி வைத்த, கூப்பிட்டதும் வார்டுக்கு ஓடி வரும் அவசர மருத்துவக் குழு முறையில், ‘இந்த நோயாளியைப் பற்றிக் கவலையாக இருக்கிறது’ என்பதும் கூப்பிடுவதற்கான ஒரு காரணமாகப் பட்டியலில் இடம்பெற்றது. நம் உத்தரவிலும் அந்த ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

அப்புறம், டாக்டர் வரும்வரை செய்ய வேண்டியவை. சர்க்கரை 54-க்குக் கீழே இறங்கி நினைவு மங்கியவருக்கு 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவது, நெஞ்சு வலி என்றவருக்கு 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுப்பது, ஆக்சிஜன் குறைந்தவருக்கு ஆக்சிஜன் தொடங்குவது (நாட்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர் என்றால் ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைத்திருப்பது). இவற்றைப் பல செவிலியர்கள் இப்போதும் செய்கிறார்கள், நோயாளி பிழைக்க வேண்டுமே என்று. ஆனால் பிறகு ஏதாவது பிரச்சினை வந்தால் “யார் சொல்லி இதைக் கொடுத்தீர்கள்?” என்ற கேள்விக்குக் காட்ட ஒரு காகிதம் இல்லை. இதனால் செவிலியர்கள் மருந்து எழுதத் தொடங்கிவிடுவார்கள் என்று மருத்துவர் நண்பர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். நாங்கள் அதைக் கேட்கவில்லை. மருத்துவர்களே முன்கூட்டி எழுதிக் கையெழுத்திட்ட நிலையான உத்தரவுகளைத்தான் கேட்கிறோம்.

கூப்பிட்டு, வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று ஆனால் அந்தச் செவிலியரை யாரும் ஏசக் கூடாது. மெமோவும் கொடுக்கக் கூடாது. இதை உத்தரவிலேயே எழுதுங்கள். ஒரு முறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை போனை எடுக்க அரை மணி நேரம் யோசிப்பார்.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் கொண்டுவரச் சொல்லவில்லை. ஒரு மருத்துவக் கல்லூரியில் ஒரு மருத்துவ வார்டு, ஒரு அறுவை சிகிச்சை வார்டு, ஆறு மாதம். எத்தனை அழைப்பு வந்தது, டாக்டர் எத்தனை நிமிடத்தில் வந்தார், எத்தனை பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், வார்டிலேயே எத்தனை இதயங்கள் நின்றன என்று கணக்கு வையுங்கள். அந்த உத்தரவை எழுதும் குழுவில், கண்காணிப்பாளர்களோடு, இப்போது நைட் டியூட்டி பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பொது மருத்துவ வார்டுச் செவிலியர் ஒருவர்