எலியை நகர்த்தியது யார்?

திருவையாறு,
மாசி 20

அன்புள்ள சேது,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு மாசி பிறந்து இருபது நாள் ஆனபின் பதில் எழுதுகிறேன். திட்டுவதானால் இந்த வரியோடு திட்டி முடித்துவிடு; மீதியைப் படித்தால் சிரிப்புதான் வரும், திட்ட வராது. எல்லோரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அசோகா அல்வா கேட்டிருந்தாய். முதலில் உன் சர்க்கரை அளவை எழுதி அனுப்பு, பிறகு பார்க்கலாம்.

வீட்டுக்கு ஃபைபர் வரப்போகிறது, கணினிக்கு இலவசமாக எந்தப் பாதுகாப்பு மென்பொருள் போடலாம் என்று கேட்டிருந்தாய் அல்லவா? உனக்கு நல்ல பதிலாகச் சொல்ல வேண்டுமே என்று தேடப்போய்த்தான் மாட்டிக்கொண்டேன். ஆகவே நடந்ததில் பாதிப் பழி உனக்கு.

எனக்கு ஃபைபர் வந்தது தை மாதத்தில். பழைய தொலைபேசிக் கம்பியில் 2 எம்பிபிஎஸ். ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். இப்போது 100. எனக்குத் தலைகால் புரியவில்லை. 'இலவச வைரஸ் தடுப்பு' என்று தட்டினேன், முதலில் வந்து நின்றதை அழுத்தினேன். அது விளம்பரம் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். என் கண்ணாடியின் லட்சணம் உனக்குத் தெரியும். பழைய இணைப்பாக இருந்தால் அது இறங்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். நடுவில் சாப்பிடப் போயிருப்பேன், புத்தியும் வந்திருக்கும். இப்போதோ கண் இமைப்பதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

உட்கார்ந்ததும் திரை முழுக்கச் சிவப்பு. சங்கு ஊதுவது போல ஒரு சத்தம். 312 ஆபத்துகள் இருக்கின்றன, உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்றது. பேசினேன், சேது. யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே என்று தெருவுக்கே பாடம் எடுத்தவன், நானாகவே எண்ணைப் போட்டுப் பேசினேன். மறுமுனையில் இருந்தவன் வரிக்கு இரண்டு 'சார்' போட்டான். இன்னொரு மென்பொருளை இறக்கச் சொன்னான், இறக்கினேன். பிறகு 'ஈவென்ட் வியூவர்' என்ற ஒன்றைத் திறந்து, வரிசை வரிசையாகச் சிவப்புக் குறிகளைக் காட்டி, "எல்லாம் போய்விட்டது, சார்" என்று துக்க வீட்டுக் குரலில் சொன்னான். அது கணினி தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. ஆரோக்கியமான கணினியிலும் அந்தச் சிவப்புக் குறிகள் இருக்கும். சந்தேகமானால் உன்னுடையதில் திறந்து பார். எனக்கு அன்று தெரியாது. 4,999 ரூபாய் கட்டினால் ஆயுளுக்கும் கவலையில்லை என்றான். வங்கிப் பக்கத்தைத் திறந்தேன். சம்பா நெல் போட்ட பணம் அந்த வாரம்தான் கணக்கில் ஏறியிருந்தது.

அந்த நேரத்தில் உன் தங்கை உள்ளே வந்தாள். "உங்கள் இரண்டு கையும் போனில் இருக்கிறதே, எலியை நகர்த்துவது யார்?" என்று கேட்டாள். பார்த்தேன். திரையில் அம்பு தானாக ஊர்ந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

வயலில் தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடிப்பவருக்கு மேசை எலியைக் காப்பாற்றத் தெரியவில்லை என்று மூன்று வாரமாக வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறுத்துப் பேச எனக்கு என்ன இருக்கிறது?

பணம் போகவில்லை. உடனே வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கினேன், இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணிலும் சொன்னேன். மாலை பஸ்ஸில் கும்பகோணத்திலிருந்து அக்கா மகன் வந்தான். இறக்கிய இரண்டையும் நீக்கினான். விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடுகிற ஒரு சோதனை இருக்கிறது, அதையும் ஓட்டினான். அப்போதும் மனம் ஒப்பாமல் எல்லாவற்றையும் துடைத்து விண்டோஸைப் புதிதாகவே போட்டான். கடவுச்சொற்களையெல்லாம் அவன் போனிலிருந்து மாற்றினோம்.

உன் கேள்வியை அவனிடம் கேட்டேன். "அந்த மாமாவை எதையும் இறக்காமல் இருக்கச் சொல்லுங்கள்" என்றான். காவல்காரன் உன் கணினிக்குள்ளேயே இருக்கிறான், டிஃபெண்டர் என்று பெயர். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது, காசு கிடையாது. வெளியிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தால் இது ஒதுங்கிக்கொள்ளும். ஒதுங்காமல் இரண்டும் வேலை பார்த்தால் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக் கணினியைப் படுக்கவைத்துவிடும். எப்போதாவது ஐயம் வந்தால் மால்வேர்பைட்ஸ் என்ற மென்பொருளின் இலவச வடிவம் போதும். அதை நாம் கூப்பிட்டால்தான் வந்து தேடும். அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கு, தேடி முதலில் வருவதை அழுத்தாதே. யார் சொல்கிறான் பார் என்கிறாயா? சரி. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானையும் போட்டுவிடு. விளம்பரமே கண்ணில் படாது. என் கதை விளம்பரத்தில்தானே தொடங்கியது.

இலவசம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. இலவச வைரஸ் தடுப்பு தரும் அவாஸ்ட் நிறுவனம் தன்னைப் பயன்படுத்தியவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்றது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2024-இல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. காவலுக்கு வந்தவன் நாம் எங்கெங்கே போகிறோம் என்று குறித்து விற்றால் எப்படி?

உன் கணினி இன்னும் விண்டோஸ் 10-தானே? அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமித்துப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாக வரும். அதை இந்த வாரமே செய். 'பிறகு நினைவூட்டு' பொத்தானுக்கே பிறந்தவன் நீ. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் நச்சு நிரல் உலகத்தையே ஆட்டியதே, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதைப் போடாமல் ஒத்திவைத்தவர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள். அதுபோன்றது உள்ளே வந்தால் உன் நாகஸ்வர கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறாயே, அத்தனைக்கும் பூட்டுப் போட்டுப் பணம் கேட்பான். வெளி வட்டு ஒன்று வாங்கி நகலெடுத்து, வட்டைக் கழற்றி பீரோவில் வை. செருகியபடியே விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டுவான். இது மட்டும் காசு செலவாகும் வேலை, கஞ்சத்தனம் காட்டாதே. ஃபைபர் ஆள் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனதும் அவன் வைத்த கடவுச்சொல்லை மாற்று. உன் போன் எண்ணையே வைக்காதே.

ஒரு வேடிக்கை. காவல்காரன் விழித்திருக்கிறானா என்று பார்க்க 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரி உண்டு, ஐகார் என்பார்கள். ஒரு தீங்கும் செய்யாது. நோட்பேடில் ஒட்டிச் சேமித்தால் டிஃபெண்டர் பாய்ந்து பிடிக்கிறது. தினம் ஒருமுறை சீண்டிப் பார்க்கிறேன். அக்கா மகன் தலையில் அடித்துக்கொள்கிறான்.

இதையெல்லாம் எழுதினாலும் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. என் கூத்தைக் கடைத்தெருவில் வைத்தியிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்து, திண்ணையில் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: போன வருடம் இதே மாதிரி இரண்டு லட்சம் போய்விட்டதாம். பெண்ணுக்குத் தெரியாது, பையனுக்கும் தெரியாது. 1930-க்குக்கூடச் சொல்லவில்லை. உடனே சொல்லியிருந்தால் பணம் கைமாறும் வழியில் எங்காவது நிறுத்திவைத்திருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "ஹெட்மாஸ்டர் என்று போர்டு மாட்டியிருக்கிறேனே" என்றான். வேறொன்றும் பேசவில்லை, காபியும் குடிக்கவில்லை.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியிலிருந்து கிளம்பி வா. ஆற்றங்கரையில் மூவரும் உட்காருவோம். முதலில் நான் என் கதையைச் சொல்கிறேன். நீயும் 1994 சீட்டுக் கம்பெனிக் கதையை எடு. மூன்றாவதாக அவன் பேசினாலும் பேசுவான்.

உன்,
பட்டாபி

பின்குறிப்பு: நேற்று அந்தச் 'சார்' மறுபடி கூப்பிட்டான். உன் தங்கைதான் எடுத்தாள். பதினோரு நிமிடம் பேசினாள். போனை வைத்தது அவன்.