கையைப் பார், கண்ணு

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது கடையில் கூட்டம். "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். ஆனால் நீ சொன்ன இரண்டு விஷயமும் ராத்திரி முழுக்க மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. வருகிறவர்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சும்மா போகிறார்கள் என்றாய். உனக்குக் கீழே இருக்கும் ஆறு பேரும் உன்னிடம் எதையும் சொல்வதில்லை என்றாய். பெங்களூரில் அவ்வளவு பெரிய ஜவுளிக்கடையில் ஒரு பிரிவுக்கே பொறுப்பேற்று நாலு மாதம்தான் ஆகிறது. இதற்குள் இந்த இரண்டும் உன் கண்ணில் பட்டதே எனக்குச் சந்தோஷம். போனில் சொன்னால் அரைகுறையாகப் போய்விடும் என்று எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா வந்தார். சந்தை நாள், உனக்குத்தான் தெரியுமே, திங்கள் ராத்திரியிலிருந்தே ஈரோடு முழுக்க ஜவுளி மூட்டைதான். ஒரு பச்சைக் கட்டம் போட்ட டபுள் பெட்ஷீட்டை எடுத்தார், விலையைக் கேட்டார், "வேற கலர் இருக்குங்களா?" என்றார். நம் கடைப் பையன் உடனே நீலம், மெரூன், சந்தனம் என்று இறக்கிப் போட்டான். அவர் கண் எல்லாவற்றையும் பார்த்தது. கை மட்டும் அந்தப் பச்சையை விடவில்லை. கட்டை விரலால் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கலர் அவருக்குப் பிரச்சினையே இல்லை, கண்ணு. விலைதான். அதை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

"யாருக்குங்க எடுக்கறீங்க?" என்று கேட்டேன். மகன் ஹாஸ்டலுக்குப் போகிறானாம். ஹாஸ்டல் கட்டிலுக்கு டபுள் எதற்கு? அதே பச்சையில் சிங்கிள் இருந்தது, கொஞ்சம் தடித்த நூல், அவன் எப்படித் துவைத்தாலும் தாங்கும். இரண்டு வாங்கிக்கொண்டு போனார். நான் விலையைக் குறைக்கவில்லை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அப்பா, உன் அப்புச்சி. சின்ன வயதில் என்னைக் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போவார். தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. பேரம் படியாமல் போனாலும் இரண்டு பேருக்கும் தலைகுனிவு இல்லை. "வாய் என்ன வேணும்னாலும் சொல்லும் சாமி, விரல் பொய் சொல்லாது" என்பார். உன் கடையில் துண்டு இல்லை, விலை எல்லாம் லேபிளில் அச்சடித்திருக்கிறது. ஆனாலும் வருகிறவரின் கை பேசிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு நாள் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து, இரண்டு மணி நேரம் கைகளை மட்டும் பார். திரும்பவும் வந்து தொட்ட துணி எது, விலைச்சீட்டைப் புரட்டியதும் கை விட்ட துணி எது என்று குறித்துக்கொள்.

நீ எம்.பி.ஏ. படிக்கும்போது கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்களைப் பற்றிச் சொன்னாயே. கிடைப்பதில் வரும் சந்தோஷத்தை விட இழப்பதில் வரும் வலி பெரிது என்று 1979இல் எழுதினார்கள், கானமனுக்கு 2002இல் நோபல் கிடைத்தது என்றாய். அன்றைக்கு நான் தலையாட்டியதற்குக் காரணம் உண்டு. ஒரு தீபாவளிக்கு 500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு கைத்துண்டு இலவசம் என்று கொடுத்தோம். கொடுத்தபோது யாரும் பெரிதாக மகிழவில்லை. தை மாதம் நிறுத்தியதும் வந்தது வினை. "போன தடவை குடுத்தீங்களே?" என்று முகத்தைச் சுளித்தவர்கள் எத்தனை பேர்! வருஷக்கணக்கில் நம்மிடமே வாங்கிய ஒரு குடும்பம் அதோடு நின்றேவிட்டது. ஒரு சின்னத் துண்டுக்காக. இப்போது எது கொடுத்தாலும் எந்தத் தேதி வரை என்று முதல் நாளே போர்டில் எழுதிவிடுகிறேன். உன் பிரிவில் ஏதாவது சலுகையை நிறுத்தப்போகிறார்கள் என்றால், முன்கூட்டியே சொல்லச் சொல்லி நீ சண்டை போட்டாலும் தப்பில்லை.

அப்புறம் அந்த ஜாம் கதை. அமெரிக்காவில் ஒரு கடையில் 24 வகை வைத்தபோது நின்று பார்த்தவர்களில் நூற்றுக்கு 3 பேர்தான் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 பேர் வாங்கினார்கள் என்று படித்துக் காட்டினாய். அதைக் கேட்டுத்தான் மேஜைமேல் மூன்று விரிப்புக்கு மேல் போடாதே என்று பையன்களிடம் சொன்னேன். தினசரி வியாபாரத்துக்கு அது பலித்தது. கல்யாணச் சீருக்கு எடுக்க வருகிறவர்களிடம் பலிக்கவே இல்லை. பத்துப் பேர் வேன் பிடித்து வந்து உட்காருவார்கள். பவானி ஜமக்காளம், போர்வை, தலையணை உறை என்று குவித்துப் போட்டால்தான் கடைக்கு வந்த திருப்தியே அவர்களுக்கு. மூன்றைக் காட்டினால் "சரக்கு இல்லை போல" என்று எழுந்துவிடுவார்கள். எல்லா இடத்திலும் அந்த முடிவு அப்படியே வரவில்லை என்று பிறகு வேறு ஆட்கள் சோதித்துச் சொன்னதாக நீயே சொன்னாய். யார் வந்திருக்கிறார், எதற்காக வந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு அப்புறம் விரிக்கச் சொல்.

இனி உன் ஆறு பேர். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ பத்தாவது படிக்கும்போது, ஒரு பையன் ஸ்கிரீன் துணியை ஏழு அடிக்குப் பதில் ஆறடியில் வெட்டிவிட்டான். கடை நிறைய ஆள் இருக்கும்போது அவனைத் திட்டித் தீர்த்தேன். அவன் தலை குனிந்து நின்றான். அந்த மழைக்காலத்தில் பின்னறையில் ஓடு ஒழுகி மூன்று பேல் துணி நனைந்துவிட்டது. திங்கட்கிழமையே எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை, பூஞ்சை வாடை வந்த பிறகு. மூத்தவரைக் கூப்பிட்டு ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னவன மொதல்ல திட்டுவீங்கன்னு பயந்துட்டாங்கக்கா" என்றார். பேல் போனது பெரிதில்லை, அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் காலை எல்லோரையும் வைத்துக்கொண்டு, அன்றைக்குத் திட்டியது என் தப்பு என்று அந்தப் பையனிடமே சொன்னேன்.

அன்றிலிருந்து சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிய கையோடு ஒரு கேள்வி கேட்பேன்: "நேத்து எதைக் கேட்டு வந்தவங்களுக்கு இல்லைன்னு சொன்னோம்?" முதல் இரண்டு வாரம் யாரும் வாயே திறக்கவில்லை. அப்புறம் பார்சல் கட்டும் பெண் மெதுவாகச் சொன்னாள், எலாஸ்டிக் வைத்த விரிப்பைத் தினமும் யாராவது கேட்கிறார்களாம். இப்போது வரும் மெத்தைகள் எட்டு அங்குலம், பத்து அங்குலம் உயரம், நம் 90க்கு 100 விரிப்பு அடியில் மடங்கி நிற்காமல் நழுவுகிறது. எனக்கு அது தெரியவே தெரியாது. வாங்கி வைத்தோம், ஒரு மாதத்தில் தனி அலமாரியே போட வேண்டியதாயிற்று. அதற்கு அவள் யோசனைதான் காரணம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதன்பிறகு பேச்சு நிற்கவே இல்லை.

சென்னிமலையில் நெசவாளர்களைக் கூட்டுறவாகத் திரட்டிய எம்.பி. நாச்சிமுத்துவுக்கு 1983இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். கூலிக்கு நெய்கிறவன் நூல் மட்டமாக வந்தால் பேசாமல் நெய்து கொடுத்துவிட்டுப் போவான். சங்கத்தில் உறுப்பினன் ஆனவன் "இது நம்ம பேரைக் கெடுக்கும்" என்பான். உன் ஆறு பேரும் இப்போது கூலிக்கு நிற்கிறார்கள்.

அதிலே 22 வருஷமாக இருக்கிற பெரியவர் முகம் கொடுத்தே பேசுவதில்லை என்றாயே. அவரை உன் ரூமுக்குக் கூப்பிடாதே. ராத்திரி கடை அடைக்கும் நேரம் அவர் துணி மடிக்கும்போது பக்கத்தில் போய் நீயும் மடி. அரை மணி நேரம் ஒன்றும் கேட்காதே. அப்புறம், எதைக் கேட்டு வந்து கிடைக்காமல் திரும்பிப் போகிறார்கள் என்று மட்டும் கேள். அவர் சொல்வதை அவர் கண் முன்னாலேயே எழுதிக்கொள். மேலிடத்துக்கு அனுப்பும்போது அவர் பெயரைப் போட்டு அனுப்பு.

பார்சல் சர்வீஸில் இரண்டு சென்னிமலைப் போர்வை போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வந்துவிடும். ஒன்று உனக்கு, இன்னொன்று அந்தப் பெரியவர் வீட்டுக்கு. அவரிடம் பேசிவிட்டுக் கூப்பிடு. ஒன்பது மணிக்கு மேல் என்றால் கடை சாத்தியிருப்பேன், நிதானமாகப் பேசலாம்.

அம்மா